பாடத்திட்டமும் வினாத்தாளும்: நீட் உண்மையில் எதை அளக்கிறது?

1. ஒரு கேள்வி

2024 மே 5 அன்று நடந்த நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, எது சரி எது தவறு என்று கேட்ட வினா ஒன்று இருந்தது. அணுக்களில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சமமாக இருப்பதால் அவை மின்நடுநிலை கொண்டவை என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைத்தன்மை உடையவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை என்பது இரண்டாவது. முதல் கூற்றில் சிக்கல் இல்லை. இரண்டாவது தவறு. யுரேனியமும் ரேடியமும் தனிமங்கள்தாம். அவற்றின் அணுக்கள் நிலைத்தன்மை உடையவை அல்ல. கதிரியக்கம் என்ற பாடத்தைப் புரிந்து படித்த மாணவர் ஒரு கணம் யோசித்தால் இந்த முடிவுக்கு வந்துவிடலாம்.

ஆனால் அந்த இரண்டாம் கூற்று, மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலின் பழைய பதிப்பில் சரியான செய்தியாகவே இருந்தது. புதிய பதிப்பில் அதைத் திருத்தியிருந்தார்கள். பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் இரண்டு கூற்றும் சரி என்றார்கள்; புதிய புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் முதல் கூற்று மட்டுமே சரி என்றார்கள். தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், டெல்லி ஐஐடியின் வல்லுநர் குழு ஒரே விடைதான் சரி என்று அறிக்கை தந்த பிறகு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண் மாறியது. முதலில் 720-க்கு 720 பெற்றதாக அறிவிக்கப்பட்ட 67 பேரில் 44 பேர் அந்த இடத்தை எட்டியது இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த சலுகையால்தான். கருணை மதிப்பெண்ணால் அங்கே வந்திருந்தவர்களும் நீங்கியபின், திருத்திய முடிவில் முதலிடத்தில் 17 பேர் எஞ்சினார்கள்.

அந்த ஆண்டு வினாத்தாள் கசிவும் கருணை மதிப்பெண்ணும் பெரும் சர்ச்சையாகிவிட்டதால் இந்த வினா அதிகம் கவனிக்கப்படாமல் போனது. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. கதிரியக்கம் தெரியுமா என்று அந்த வினா கேட்கவில்லை. குறிப்பிட்ட ஒரு புத்தகத்தின் குறிப்பிட்ட ஒரு பதிப்பில் குறிப்பிட்ட ஒரு வாக்கியம் எப்படி அமைந்திருந்தது என்று கேட்டது. நீட் வேண்டுமா, வேண்டாமா என்று பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டில் பேசிவருகிறோம். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தேர்வுக்குள் என்னதான் இருக்கிறது? இக்கட்டுரை அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

2. பெயருக்குள் இரண்டு வேலைகள்

தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு என்பது முழுப்பெயர். தகுதி காண்பது ஒரு வேலை. நுழைவுக்கு வரிசைப்படுத்துவது வேறொரு வேலை. தகுதி என்றால் ஒரு கோடு இருக்க வேண்டும். மருத்துவம் படிக்க இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தவர் கோட்டுக்கு இந்தப் பக்கம், தெரியாதவர் அந்தப் பக்கம். ஓட்டுநர் உரிமத் தேர்வு அப்படிப்பட்டது. பத்துப் பேர் வந்து பத்துப் பேரும் நன்றாக ஓட்டினால் பத்துப் பேருக்கும் உரிமம் கிடைக்கும். வரிசைப்படுத்தும் தேர்வுக்குக் கோடு தேவையில்லை. யார் யாருக்கு முன்னால் என்பதே அதற்குப் போதும்.

நீட்டில் தகுதிக் கோடு எங்கே இருக்கிறது? பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது பெர்சன்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40-ஆவது பெர்சன்டைல். இதை 50 விழுக்காடு மதிப்பெண் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் ஏராளம். 50-ஆவது பெர்சன்டைல் என்றால் தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரைவிட மேலே இருப்பது, அவ்வளவுதான். அந்தப் பாதிப் பேர் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கோடு நகரும். 2022-இல் பொதுப் பிரிவுக்கான கோடு 720-க்கு 117. 2024-இல் 162. 2025-இல் 144. ஒரு மாணவருக்கு உயிரியல் எவ்வளவு தெரிந்தால் போதும் என்ற அளவு இரண்டே ஆண்டில் 45 மதிப்பெண் உயர்ந்து, மறு ஆண்டில் 18 இறங்குமா? அப்படி எதுவும் நடக்கவில்லை. வினாத்தாளின் கடினமும் எழுதியவர்களின் கூட்டமும் மாறின. கோடு கூடவே போனது.

117 என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். சரியான விடைக்கு 4, தவறான விடைக்குக் கழித்தல் 1. 36 கேள்விக்குச் சரியாகவும் 27 கேள்விக்குத் தவறாகவும் விடை குறித்து, மீதி 117 கேள்விகளைத் தொடாமலே விட்டாலும் 144-இல் 27 போக 117 வந்துவிடும். பாடவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. ஆக, இயற்பியலில் ஒரு விடைகூடச் சரியாக எழுதாத ஒருவரும் ‘தகுதி பெற்றவர்’ ஆகலாம். 2025-இல் சுமார் 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இடமில்லை.

தரத்தைக் காக்கும் தேர்வு என்ற வாதத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். பட்டியலின் மேல்முனையில் கடும் போட்டி இருப்பது உண்மை. அரசுக் கல்லூரி இடம் அங்கேதான் முடிவாகிறது. கீழ்முனையில் பட்டியலின் நீளமும் கட்டணம் கட்டும் வசதியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சில லட்சம் இடம் தாண்டிய தரவரிசை வைத்திருப்பவர் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பெறுவதும், அவருக்கு வெகுவாக முன்னால் இருப்பவர் பணமின்றித் திரும்புவதும் ஒரே தேர்வின் இரண்டு விளைவுகள்.

3. பாடத்திட்டம் என்ற ஆவணம்

நீட்டில் என்ன வரும் என்று கேட்டால், தேசிய மருத்துவ ஆணையம் வெளியிடும் பாடத்திட்டத்தைக் காட்டுவார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள். 180 வினாக்களில் உயிரியலுக்கு 90, மற்ற இரண்டுக்கும் தலா 45. இது உறை. உள்ளே இருப்பதை அறிய, எது சேர்க்கப்பட்டது, எது ஏன் நீக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

பெருந்தொற்றுக்குப் பிறகு, மாணவர் சுமையைக் குறைக்கவென்று 2022-இல் என்சிஇஆர்டி தன் நூல்களிலிருந்து பல பாடங்களை எடுத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் போனவற்றுள் ஒன்று, செரித்தலும் உட்கிரகித்தலும் பற்றிய பாடம். 2024 தேர்வுக்காக மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டமும் அதே வழியில் போயிற்று. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய இருப்பவரிடம் இரைப்பையைப் பற்றியோ கல்லீரலின் பித்தநீரைப் பற்றியோ கேட்க வேண்டியதில்லை என்று மருத்துவக் கல்வி அறிந்தவர்கள் கூடி முடிவெடுத்தார்கள் என்றால், அதன் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கே கண்ணுக்குத் தெரிவது வேறு. பள்ளிப் புத்தகத்தில் பக்கம் குறைந்தது, தேர்வும் குறைந்தது. மருத்துவம் எதைக் கேட்கிறது என்பதிலிருந்து இந்தப் பாடத்திட்டம் பிறக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பாடநூல் வரிசையின் நிழல் அது. அணு பற்றிய கேள்வியில் நடந்ததும் இதுவே.

தமிழ்நாட்டு மாநிலப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் செரித்தல் பாடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் புத்தகத்தை ஒரு நாள் புரட்டினேன். சுவாசப் பாடத்திலும் இரத்த ஓட்டப் பாடத்திலும் மூன்று நிற மையில் அடிக்கோடுகள், ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். செரித்தல் பாடத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் ‘நீட்டுக்கு வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு பல பக்கங்களுக்கு ஒரு கோடும் இல்லை.

பயிற்சி மையங்களில் உயிரியலுக்கு முதல் நாளிலேயே சொல்லப்படும் அறிவுரை, என்சிஇஆர்டியை வரிக்கு வரி படி என்பது. இது தவறான அறிவுரை இல்லை. இந்தத் தேர்வை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் சொல்வது. படத்தின் அடியில் உள்ள விளக்கம், அட்டவணையின் கடைசி வரிசை, அடைப்புக்குள் வரும் எடுத்துக்காட்டு உயிரி, எல்லாம் கேள்வியாகும். புரிதலைச் சோதிக்கும் வினாக்களும் வருகின்றன, குறிப்பாக இயற்பியலில். 2025 இயற்பியல் பகுதி மாணவர்களைத் திணறடித்தது. முந்தைய ஆண்டு 720 வரை போன முதல் மதிப்பெண் அந்த ஆண்டு 686-இல் நின்றது. ஆனால் மதிப்பெண்ணில் பாதி உயிரியலிடம் இருக்கும்வரை, புத்தக வரியை நினைவில் வைப்பதே அடித்தளத் திறனாக இருக்கும்.

4. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்

180 நிமிடம், 180 வினா. கேள்வியைப் படிப்பது, கணக்குப் போடுவது, ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவது எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள். பொருத்துக வகை வினாவில் இரண்டு பத்தி, நான்கு வரிசை, அதன்பின் நான்கு விடைச் சேர்க்கைகள். படிக்கவே அரை நிமிடம் போய்விடும். பாடத்திட்டத்தில் எங்கும் குறிப்பிடப்படாத வேகம் என்ற பாடம் இப்படித் தேர்வுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புறநோயாளிகள் பிரிவில் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு வேகம் வேண்டும் என்று வாதிடலாம். அது வட்டம் நிரப்பும் வேகம்தானா என்பதை அப்படி வாதிடுபவர்கள்தான் காட்ட வேண்டும்.

2024-இல் சில மையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் வழங்கினார்கள். சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு வழக்கு ஒன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சூத்திரத்தை எடுத்து இங்கே பொருத்தினார்கள். ஒருவர் எந்த வேகத்தில், எவ்வளவு சரியாக விடை எழுதிக்கொண்டிருந்தாரோ, அதை வைத்து இழந்த நிமிடங்களை மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கு அது. பிறகு அது ரத்தாகி, ஜூன் 23 அன்று மறுதேர்வு நடந்தது. அந்த எண்ணிக்கையில் 813 பேர் மட்டுமே வந்து எழுதினார்கள். நேரம் இங்கே மதிப்பெண்ணாகவே எண்ணப்படுகிறது என்பதைத் தேர்வு நடத்துபவர்களே ஒப்புக்கொண்ட தருணம் அது.

இன்னொன்று, ஊகம். நெகட்டிவ் மார்க் இருப்பதால் தெரியாத கேள்வியைத் தொடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். கணக்கு வேறு சொல்கிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், நான்கு முறைக்கு ஒரு முறை 4 வரும், மூன்று முறை 1 போகும். நான்கு கேள்விக்கு ஒரு மதிப்பெண் லாபம். இரண்டு விடைகளை நீக்கிவிட முடிந்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மதிப்பெண். இந்தக் கணக்கு பயிற்சி மையத்துப் பிள்ளைக்கு விரல்நுனியில் இருக்கும். ஊரில் முதன்முதலாக நீட் எழுதப் போகும் பிள்ளை பயந்து விட்டுவிட்டு வரும். இரண்டு பேருக்கும் உயிரியல் ஒரே அளவு தெரிந்திருந்தாலும் மதிப்பெண் ஒன்றாக இருக்காது.

அமெரிக்க உளவியல் அளவீட்டு அறிஞர் சாமுவேல் மெசிக், 1989-இல் தேர்வுகளின் ஏற்புடைமை பற்றி எழுதியபோது, ஒரு தேர்வு இரண்டு வழிகளில் பிழை செய்யும் என்றார். அளக்க வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுவிடுவது ஒன்று. அளக்கத் தேவையற்றது உள்ளே புகுந்து மதிப்பெண்ணை மாற்றுவது மற்றொன்று. செரித்தல் பாடம், செய்முறை, ஒன்றை நான்கு வாக்கியத்தில் விளக்கி எழுதும் திறன் ஆகியவை முதல் வகையில் சேரும். வேகமும் ஊகக் கணக்கும் இரண்டாம் வகை. அமெரிக்காவில் 1926 முதல் நடக்கும் எஸ்ஏடி தேர்வு இந்தக் குற்றச்சாட்டுகளைப் பல பத்தாண்டுகள் சந்தித்து, சொல் ஒப்புமை வினாக்களை 2005-இலும் தவறான விடைக்கான கழிவை 2016-இலும் கைவிட்டது. அதன் பெயரில் முதலில் இருந்த ‘திறன்’ என்ற பொருள் தரும் சொல்லைக்கூட எடுத்துவிட்டார்கள். எதை அளக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் வந்த மாற்றம் அது என்றே நான் கருதுகிறேன்.

5. தமிழில் எழுதுபவருக்கு வரும் தேர்வு

மொழி அந்த இரண்டாம் வகையின் கொடிய வடிவம். 2018 நீட் வினாத்தாளின் தமிழ் வடிவத்தில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஆங்கிலச் சொல்லைத் தெரிந்தவர் அதை ஆங்கிலத்தில் ஒலித்துப் பார்த்துப் புரிந்துகொள்வார். தமிழில் மட்டும் படித்த பிள்ளைக்குச் சீத்தா ஒரு பழமரம். மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஜூலை 10 அன்று 49 கேள்விக்கும் தலா 4 என்று 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, பின்னர் அந்த உத்தரவையே ரத்து செய்தது. எல்லாருக்கும் ஒரே அளவாக 196-ஐ அள்ளிக்கொடுப்பது சரியான தீர்வு இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். பிழையான கேள்வியை எழுதியவர்களுக்கு எந்தத் தீர்வும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

தகவல் கையேட்டில் ஆண்டுதோறும் ஒரு விதி இருக்கிறது: மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. சட்டத்தின் கண்ணில் இது எளிய விதி. தேர்வறையில் அதன் பொருள் என்ன? தமிழ்த் தாளில் அச்சாகியிருப்பது கேள்வியின் நிழல், கேள்வி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆகவே தமிழில் எழுதுபவர் பக்கத்திலிருக்கும் ஆங்கில வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதே ஒரு நிமிடத்துக்குள்.

6. பிளஸ் டூ மதிப்பெண் எதை அளந்தது?

நீட்டை எதிர்க்கும் நம்மில் பலர் இந்தப் பகுதியைத் தொடத் தயங்குகிறோம். தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது; பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். அந்த நுழைவுத் தேர்வை ஆராய்ந்த அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் சட்டம் இயற்றி, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றானது. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கு.

அந்தக் காலத்தின் பொதுத்தேர்வு எதைக் கேட்டது? பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களையும் புளூபிரிண்ட் காட்டிய பாடங்களையும் கேட்டது. எந்தப் பாடத்திலிருந்து பத்து மதிப்பெண் வினா வரும் என்று ஆசிரியருக்கும் மாணவருக்கும் முன்பே தெரியும். நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. உச்சியில் 199.75, 199.5 என்று கால் மதிப்பெண் இடைவெளியில் கூட்டம் நெரிந்தது. அங்கே கால் மதிப்பெண் வித்தியாசத்தை உயிரியல் அறிவின் வித்தியாசம் என்று யாரும் சொல்ல முடியாது.

பதினொன்றாம் வகுப்பையும் கேட்கிறது என்பது நீட்டுக்குச் சாதகமான உண்மையான வாதம். தமிழ்நாடு அதை உணர்ந்தே 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது, அதே ஆண்டு புதிய பாடநூல்களையும் வெளியிட்டது. (2025-இன் மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வைக் கைவிட்டிருக்கிறது, பழைய பழக்கம் திரும்புமா என்பதைக் கண்காணிக்க வேண்டும்.) தனியார் மருத்துவக் கல்லூரிகள் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்திய காலத்தில் நன்கொடை எப்படிப் புழங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தபோது முன்வைத்த காரணங்களுள் அந்த முறைகேடுகளும் இருந்தன.

இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். முன்பு ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்தோம், இப்போது வேறொரு புத்தகத்தை. பழைய தேர்வில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. இப்போது வட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய புத்தகத்தைப் பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்தது, அரசுப் பள்ளி ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். புதியதைச் சொல்லிக்கொடுக்கும் இடம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது, அதற்கு விலை இருக்கிறது. மனப்பாடத்திலிருந்து விடுதலை என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை. அதன் செலவு மட்டும் குடும்பத்தின் தலையில் ஏறியது.

7. திரும்ப எழுதுவோர்

இந்தச் செலவுக்கு அளவு உண்டு. நீட்டின் விளைவுகளை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, மருத்துவ இடம் பெற்றவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்து மீண்டும் முயன்றவர்கள் 2016–17-இல் 12.47 விழுக்காடு. 2020–21-இல் 71.42 விழுக்காடு. அறிக்கையை மாநில அரசின் கட்சி வாதம் என்று ஒதுக்குவோர் உண்டு. குழுவின் முடிவுகளோடு முரண்படலாம். சேர்க்கைப் பட்டியலிலிருந்து எடுத்த இந்த விகிதம் கருத்து சார்ந்தது அல்ல.

ஒரு தேர்வு ஒருவரின் அறிவை அளக்கிறது என்றால், ஓராண்டு வீட்டில் இருந்து அதே பாடத்தைத் திரும்பப் படிப்பதால் அவர் சிறந்த மருத்துவர் ஆகும் வாய்ப்பு கூடுகிறதா? கூடுகிறது என்றால் எல்லா மாணவருக்கும் பள்ளிப் படிப்பை மூன்றாண்டாக்க வேண்டும். கூடவில்லை என்றால், அந்தக் கூடுதல் மதிப்பெண் எதைக் காட்டுகிறது? அது அந்த ஓராண்டைக் காட்டுகிறது: சம்பாதிக்கப் போகாமல் இருக்க முடிந்த, கட்டணம் கட்ட முடிந்த, பெண்பிள்ளை என்றால் திருமணப் பேச்சைத் தள்ளிவைக்க முடிந்த ஓராண்டை. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது, நீட்டுக்குள் புகுந்திருந்த இந்த அளவைத்தான் வெளியிலிருந்து ஈடுகட்டப் பார்த்தோம். அது பல நூறு வீடுகளுக்கு மருத்துவரைத் தந்திருக்கிறது. தேர்வு அளப்பதை அது மாற்றவில்லை.

நீட்டிலிருந்து விலக்குக் கோரும் மசோதா 2021-லும் 2022-லும் சட்டமன்றத்தில் நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலை மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அரசியல் வழி எப்படிப் போனாலும், தேர்வைப் பற்றிய தரவைக் கேட்கும் வழி மூடப்படவில்லை. 2024-இல் மையவாரி மதிப்பெண்கள் வெளியானது உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால். அதேபோல, ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பேர் சரியாக விடை எழுதினார்கள், தமிழில் எழுதியவர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் எந்தெந்த வினாவில் இடைவெளி விழுந்தது, நீட் மதிப்பெண்ணுக்கும் எம்பிபிஎஸ் முதலாண்டு உடற்கூறியல் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்பவற்றைப் பெயர் நீக்கி வெளியிடக் கேட்கலாம். முதலிரண்டும் தேர்வு முகமையின் கணினியில் இருப்பவை. மூன்றாவது நம் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைக் கேட்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, கிண்டி வரை போனால் போதும்.